பதில் சொல்லும் தூரம்

அன்னூர், சுல்தான்பேட்டைப் பக்கத்து ஊர்களில் ஊராட்சித் தலைவரின் செல்பேசி கோழி கூப்பிடும் நேரத்துக்கே அடிக்கத் தொடங்கிவிடும். "ஏனுங்க தலைவரே, நம்ம வீதிக்கு ஆத்துத்தண்ணி வந்து எட்டு நாளாச்சுங்க" என்று ஒரு குரல். அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். மோட்டாரில் காயில் எரிந்திருக்கும். கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கோ தார்ச்சாலைக்கு அடியில் உடைந்திருக்கும். குடிநீர் வாரியம் தரைத் தொட்டிக்கு விடவேண்டிய அளவு விட்டிருக்காது. அல்லது தண்ணி விடுகிறவர் பள்ளத்து வீதி வால்வை அடைக்கத் தாமதித்ததால் மேட்டு வீதிக்கு ஏறும் அழுத்தம் இல்லாமல் போயிருக்கும். தலைவர் பல் விளக்குவதற்கு முன் இதில் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

கொங்குச் சீமையின் கிழக்குக் காட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டு எடுக்கிற உப்புத்தண்ணீர் குளிக்க, துவைக்க, மாடு கன்றுக்கு. பவானியிலிருந்து பில்லூர்த் திட்டங்கள் வழியாக வருகிற ஆற்றுத்தண்ணீர் குடிக்க, சமைக்க. முதலாவதற்கு மின்சாரம் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். எந்த வீதிக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், எந்த வால்வை முதலில் திறப்பது என்ற வரிசையை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். மேட்டில் யார் குடியிருக்கிறார்கள், குழாயின் கடைசி நுனியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த வரிசையின் நியாயமும் அநியாயமும் அமையும். நாட்டின் அரசியல் குடிமகனின் உடம்பைத் தொடுகிற இடம் அந்த வால்வுதான் என்று நான் நம்புகிறேன். பட்ஜெட் உரைகள் அந்த இடத்தை வந்து சேர நெடுநாள் ஆகும்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஒரு சிற்றூராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவற்றை அடுக்குகிறது: ஊர்ச் சாலை, தெருவிளக்கு, சாக்கடை, தெருக் கூட்டல், பொதுக் கழிப்பிடம், கிணறு குளம், இடுகாடு சுடுகாடு. படித்தால் அலுப்பூட்டும் பட்டியல். ஆனால் ஒரு மனிதர் பிறந்த வீட்டின் தண்ணீரிலிருந்து கடைசியாகப் போய்ச் சேரும் பாதை வரைக்கும் அதில் அடங்கிவிடுகிறது. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்கிறது. அந்த 29 பற்றி கருத்தரங்குகள் நிறைய நடந்திருக்கின்றன. வழக்கமாக எழுதப்படாத இந்த ஏழெட்டு வேலைகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவற்றைச் செய்வதற்கு ஆள் போதும். இவற்றுக்குப் பதில் சொல்ல, கேட்கிறவர் நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஊராட்சி என்ற அமைப்பின் முழு மதிப்பும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

*

ஊராட்சி அலுவலகத்தில் ஏறக்குறைய முப்பது பதிவேடுகள் இருக்கும். வீட்டு வரி கேட்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தெருவிளக்குப் பொருள் இருப்பு என்று நீளும் வரிசை. செயலர் அவற்றோடு மல்லுக்கட்டுவார். பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் எரியாத விளக்கு எரியாமலே கிடக்கும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒருவர் கையில் மட்டும் சாவி இருக்கக் கூடாது என்று சட்டம் நினைத்ததில் பிழையில்லை. தலைவருக்கு மதிப்பூதியம் 2022-க்குப் பிறகுதான் மாதம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாயாக உயர்ந்தது. பெட்ரோலுக்கே போதாத காசு. அந்தக் காசுக்கு அவர் விடியற்காலையில் திட்டு வாங்குகிறார்.

வருமானம் மூன்று வழியில் வரும். ஊர் மக்கள் கட்டும் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம்; மாநில நிதிக்குழு மானியம்; மத்திய நிதிக்குழு மானியம். வரியோடு சேர்த்து வசூலாகிற நூலக வரி தனியாகப் போய்விடும். செலவில் பெரும்பங்கு மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீருக்கும் போகும். உலர்ந்த காடு என்பதால் கொங்கு ஊராட்சிகளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மோட்டார் ஓடிய செலவுதான்.

அந்தச் செலவிலிருந்துதான் மேட்டுப்பாளையத்துக்கு அருகில், காரமடை ஒன்றியத்தில் இருக்கும் ஓடந்துறையின் கதை தொடங்குகிறது. 1996-இல் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். புதிய சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தல் அது. குடிநீர்த் திட்டங்களும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக, மாதம் சில ஆயிரமாக இருந்த மின்கட்டணம் ஐம்பதாயிரத்தை நோக்கி ஏறியது. எந்த ஊராட்சியிலும் இந்த இடத்தில் ஒரு மனு எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஓடந்துறைக்காரர்கள் இந்த மின்சாரத்தை நாமே ஆக்க முடியாதா என்று கேட்டார்கள். முதலில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி 9 கிலோவாட் மின்சாரம் எடுக்கிற கருவி வந்தது. அதில் தண்ணீர் மோட்டார் ஓடியது. சில குடியிருப்புகளில் சூரிய ஒளித் தெருவிளக்கு நின்றது. பிறகு 2006-இல், 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மிச்சம் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் பாய்ந்து வரும் காற்று உடுமலை, பல்லடம் வட்டாரத்தைத்தான் அறையும். மேட்டுப்பாளையம் மலைக்கு அடியில் ஒதுங்கிய ஊர். ஆகவே காற்று இருக்கிற இடத்தில் மின்சாரத்தை எடுத்து, மின் வாரியத்தின் கம்பியில் விட்டு, தன் ஊர்க் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி; ஊர்த் தேவை 4.5 லட்சம் அளவில். மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றதில் கடன் அடைந்தது. சண்முகத்துக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓடந்துறையைப் பற்றி எழுதியவர்கள் காற்றாலையின் உயரத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு அந்த 40 லட்சம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு சிற்றூராட்சி அவ்வளவு மீதம் பிடிக்க வேண்டுமென்றால் வீட்டு வரி ஒழுங்காக வசூலாகியிருக்க வேண்டும். வரி கட்டுகிறவர்களுக்குத் தங்கள் காசு எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் பணத்தைக் கரைத்துவிட வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் தொடர்ச்சி வேண்டும். 1996-இல் தொடங்கிய கணக்கு 2006-இல் காற்றாலையானது. நடுவில் ஓர் ஐந்தாண்டு அலுவலகம் பூட்டிக் கிடந்திருந்தால் அது நடந்திருக்காது. மின்கட்டணம் ஏன் கூடுகிறது என்ற தினசரிக் கேள்வியைப் பத்து ஆண்டுகள் கைவிடாமல் கேட்டதன் பலன் அது.

*

அந்தத் தொடர்ச்சியைத்தான் தமிழ்நாடு திரும்பத் திரும்ப அறுத்திருக்கிறது. 1958-இன் ஊராட்சிச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உண்டாக்கி, அறுபதுகளில் நல்ல அடித்தளம் போட்டது. 1970-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986-இல். அதற்கடுத்தது 1996-இல். பதினாறு ஆண்டு, பத்து ஆண்டு என்று இடைவெளி. இந்த நிலைமை நாடெங்கும் இருந்ததால்தான் 73-வது திருத்தம் ஐந்தாண்டுக்கு மேல் ஓர் ஊராட்சி நீடிக்கக் கூடாது, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல்கள் கிரமமாக நடந்தன.

2016 அக்டோபரில் மறுபடி அறுந்தது. தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் தேதி ரத்து செய்தது. அந்த மாதமே மன்றங்களின் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடக்கும்வரை மூன்றாண்டுக்கு மேல் அதே நிலை. அந்த மூன்றாண்டின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத வறட்சி. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. கோவைக்குத் தண்ணீர் தரும் சிறுவாணி அணை தரை தட்டியது. தென்னைகள் தலை சாய்ந்தன. எந்தக் கோடையில் தண்ணீரைப் பற்றிக் கேட்க ஊருக்கு ஒரு தலைவர் மிகவும் தேவைப்பட்டாரோ, அந்தக் கோடையில் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அப்படி ஒருவர் இல்லை.

கோவை மாவட்டத்தில் 228 சிற்றூராட்சிகள், 12 ஒன்றியங்கள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்குப் பத்தொன்பது ஊராட்சி. தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் அத்தனைக்கும் ஒரே ஆளாகப் பொறுப்பேற்கிறார். அந்த அலுவலர்கள் வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். லாரியில் தண்ணீர் வந்தது, போர்கள் ஆழப்படுத்தப்பட்டன. ஆனால் குடத்தோடு கிளம்பிய பெண்களுக்குப் போக ஒரு திண்ணை இல்லை. ஆகவே அவர்கள் சாலைக்குப் போனார்கள். காலிக்குட மறியலை நாம் போராட்டம் என்று செய்தியில் படிக்கிறோம். தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, வாசல் இல்லாததால் நெடுஞ்சாலையில் நின்று கேட்டது அது.

2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாம் என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். காவல்துறை அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணை அறைந்த காட்சியை நாடே பார்த்தது. சாமளாபுரம் ஒரு பேரூராட்சி. அப்போது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது; தீர்மானம் போட உறுப்பினர் கிடையாது. தீர்மானம் போட்டிருந்தால் கடை வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரின் மறுப்பு ஒரு புத்தகத்தில், தேதியோடு, கையெழுத்தோடு பதிவாக வழி இருந்திருந்தால், அந்தப் பெண்கள் தடியடிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டிய அவசியம் குறைந்திருக்கும்.

2020 ஜனவரியில் புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். மூன்றாம் மாதமே கொரோனா வந்தது. எந்த வீட்டில் யார் வெளியூரிலிருந்து வந்தார்கள், எந்தக் கிழவிக்கு மருந்து வாங்கித் தர ஆளில்லை, எந்தத் தோட்டத்துச் சாளையில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்களும் தூய்மைக் காவலர்களும்தான். ஒரே மாவட்டத்தில் மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு பேரிடர்கள். ஒன்றில் பதில் சொல்ல ஊருக்குள் ஆள் இருந்தது, மற்றதில் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட நமக்கு அளவுகோல் கிடையாது. அனுபவித்தவர்களுக்கு அது தெரியும்.

அவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

*

ஊராட்சியை அழகான ஒன்றாக மட்டும் வரைந்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் இருப்பது அன்பாக இருக்கும். அதே பக்கம் நெரிக்கவும் செய்யும். கொங்கு ஊர்களில் ஊராட்சிக்கு முன்பே ஊர்க்கூட்டம் உண்டு. மாரியம்மன் நோம்பிக்கு நாள் குறிப்பது, தலைக்கட்டு வரி போடுவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அங்கே. அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. அருந்ததியர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. பஞ்சாயத்துச் சட்டம் அதே ஊரில், அதே மனிதர்களை வைத்து இன்னொரு கூட்டத்தை உண்டாக்கி, அதில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சமம் என்றது. இடஒதுக்கீடு வைத்தது. 2016-இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று மாநிலச் சட்டம் மாறியது. கொங்கின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காரியம் குறைவு.

துணிச்சலுக்கு விலையும் இருந்தது. 1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொங்கில் பெரும்பாலும் அரிவாள் எழுவதில்லை, நாற்காலி மறைந்துவிடுகிறது. 2020 அக்டோபரில் கோவை மாவட்டம் ஜெ. கிருஷ்ணாபுரம் ஊராட்சியின் அருந்ததியர் பெண் தலைவர், தன் நாற்காலியில் தன்னை உட்கார விடுவதில்லை என்று புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில், சுதந்திர நாளில் பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்க விடக் கூடாது என்று மாநிலத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் ஊர்க் கொடிக்கம்பத்தில் கயிறு இழுக்க ஒரு தலைவருக்குத் தலைமைச் செயலகத்தின் துணை தேவைப்படுகிறது என்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். பெண் தலைவர்களின் கணவர்கள் கூட்டத்தை நடத்துவதும், மனைவி கையெழுத்து மட்டும் போடுவதும் பல ஊர்களில் நடந்துவந்தது.

இதையெல்லாம் காட்டி, சாதி ஊறிய கிராமத்துக்கு அதிகாரம் எதற்கு, அதிகாரியே ஆளட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனி அலுவலர் காலத்தில் ஊர்க்கூட்டம் நின்றுவிடுவதில்லை. கவுண்டர்களும் பெரிய தனக்காரர்களும் அதிகாரியின் அறைக்குத் தங்கள் காரில் போய்ப் பேசிக்கொள்வார்கள். காலனியிலிருந்து ஒரு பெண் பதினைந்து கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய் அந்த அறையின் கதவைத் தட்ட மாட்டார். தேர்தல் இருக்கும்போது, நாற்காலி மறுக்கப்பட்டாலும், அந்த நாற்காலி யாருடையது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகம் இல்லை. புகார் கொடுக்க அவருக்கு ஒரு பதவி இருக்கிறது. தேர்தல் இல்லாதபோது அந்தச் சண்டை போடவே இடமில்லை.

*

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. சூலூர், அவினாசி, பல்லடம் சாலைகளில் விசைத்தறியும் நூற்பாலையும் கோழிப்பண்ணையும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களால் ஓடுகின்றன. லைன் வீட்டில் குடியிருக்கும் அவர்கள் இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இந்த ஊர்ச் சாக்கடையோரம் தூங்குகிறார்கள். வாக்கு அவர்களுக்கு வேறு மாநிலத்தில். மறுபக்கம் நிலமெல்லாம் சைட் ஆகிறது. மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஊராட்சிக்கு ஒப்படைக்கும் பொது இடத்தை இங்கே ரிசர்வ் சைட் என்பார்கள். அதில் ஒரு கோவில், ஒரு கொட்டகை, கடைசியில் ஒரு வேலி என்று எழும்புவதைத் தடுக்க, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணும் ஊராட்சியின் பதிவேடும் சேர்ந்து விழித்திருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து அந்த வேலி தெரியாது.

வளர்ந்த ஊரை நகரத்தோடு சேர்ப்பதும் நடக்கிறது. 2011-இல் கோவை மாநகராட்சி விரிந்தபோது விளாங்குறிச்சி ஊராட்சியையும் துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி முதலான பேரூராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. 2021-இல் காரமடை, கருமத்தம்பட்டி, கூடலூர், மதுக்கரை நகராட்சிகளாயின. சாலையும் விளக்கும் மேம்படலாம். ஊராட்சிக்கு இருந்த ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வரி கூடும். இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: சில ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர் என்றிருந்தது, மாநகராட்சியில் அதைப்போலப் பல மடங்கு பேருக்கு ஒரு கவுன்சிலர் என்றாகிறது. பதில் சொல்லும் தூரம் கூடிவிடுகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்கிறார்களே தவிர, அந்தத் தூரத்தைக் குறைக்க என்ன மாற்று ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை.

கிராம சபை அந்த மாற்றுக்கு ஒரு மாதிரி. ஆண்டுக்கு நான்கு முறை கூடியதை, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நூறு நாள் வேலைப் பெண்களை உட்காரவைத்து, முன்பே எழுதிய தீர்மானங்களைப் படித்து, கையெழுத்து வாங்கிக் கலைவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் "போன கூட்டத்துல சாக்கடை கட்டறேன்னு எழுதுனீங்களே, அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்" என்று ஓர் அக்கா எழுந்து கேட்கும் கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். செயலர் பக்கத்தைப் புரட்டினார். தலைவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் குடிமகனுக்குப் பார்வையாளர் மாடம்தான். தன் வாயால், பெயர் சொல்லி, ஆள்பவரைக் கேட்க ஊர்ப்புறத்தில் இந்த ஓர் இடம் மட்டுமே உண்டு.

இதைக் காப்பாற்றப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும். வார்டு வரையறையையும் இடஒதுக்கீட்டையும் கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே முடிக்க வேண்டும். கிராம சபையில் பழைய தீர்மானத்தைப் படிக்காமல் புதியதை எழுதக் கூடாது. பட்டியல் சாதித் தலைவரின் நாற்காலியைத் தொட்டவர் மீது அன்றே வழக்குப் பதிய வேண்டும். லைன் வீட்டுத் தொழிலாளி வாக்காளராக இல்லாவிட்டாலும் சபையில் பேசலாம் என்று ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானிக்கலாம். இவற்றில் எதற்கும் புதிதாக நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கு மக்களாட்சியைப் பாடப்புத்தகத்தில் சொல்லித் தருகிறோம். ஒரு வால்வு ஏன் தாமதமாகத் திறந்தது என்று கேட்டு, அதற்கு ஒழுங்கான பதிலைப் பெற்ற பிள்ளைக்கு அது பாடமாகச் சொல்லித் தர வேண்டியிராது. அந்தக் கேள்விக்கு ஊரிலேயே ஆள் வைக்காத எந்த அரசும், அது யாருடையதாக இருந்தாலும், தன் குடிமக்களுக்குப் பட்ட கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்றே அர்த்தம்.